ஈலிங் குண்டும் நான் கொடுக்காத பெயரும்

இருபது வருடத்துக்கு மேலாக இதை எழுதாமல் தள்ளிப்போட்டு வந்தேன். போன மாதம் ஒரு தம்பி போன் எடுத்தான். அவன் கடை இருக்கும் தெருவை ஏதோ ஒரு சம்பவத்துக்காகப் பொலிஸ் நாடா கட்டி மூடிவிட்டதாம். "உள்ளுக்குப் போகவும் விடுறாங்கள் இல்லை, என்ன செய்யிறதண்ணை?" என்று கேட்டான். ஒரு மணித்தியாலம் கதைத்தோம். போனை வைத்த பிறகுதான் யோசித்தேன், இந்த ஒரு மணித்தியாலக் கதையை 2001 இல் ஈலிங்கில் குண்டு வெடித்த நேரம் எனக்கு ஆராவது சொல்லியிருந்தால் எட்டாயிரத்துச் சொச்சம் பவுணும் ஒரு காதும் மிஞ்சியிருக்கும் என்று.

அப்போது எனக்கு மேற்கு லண்டனில், ஈலிங் பிரோட்வேக்குப் பக்கத்து ஒழுங்கை ஒன்றில் சின்னப் பேப்பர்க் கடை. பேப்பர், சிகரெட், இனிப்பு, பால், ரெலிபோன் காட். பெற்றோல் செட்டில் நாலு வருடம் இரவு வேலை செய்து, சீட்டுக் கட்டி, கழிவுக்கு எடுத்து, 1999 இல் வாங்கின கடை. சென்ட்ரல் லைனும் டிஸ்ட்ரிக்ட் லைனும் முடிகிற ஸ்டேசன் அது. காலையில் ஒரு சனம், பின்னேரம் ஒரு சனம், இரவு பப் விட்டு வருகிற சனம். நல்ல இடம். வேலை விட்டுப் போகிறவர்களுக்காக இரவு பதினொரு மணிவரை திறந்திருப்பேன்.

என் விசா நிலைமையையும் சொல்லவேண்டும், மற்றதெல்லாம் அதில்தான் தொங்குகிறது. நாலு வருடத் தற்காலிக விசா முடிந்து, நிரந்தர விசாவுக்குப் போட்ட விண்ணப்பம் உள்துறை அமைச்சில் கிடந்தது. அந்த வருடம் மார்ச்சில்தான் புதிய பயங்கரவாதச் சட்டத்தின் கீழ் இருபத்தொரு அமைப்புகளைப் பிரித்தானியா தடை செய்திருந்தது. அந்தப் பட்டியலில் புலிகளும் இருந்தார்கள். ஜூலை 24 இல் கட்டுநாயக்கா விமான நிலையத் தாக்குதல் நடந்தது. கடையில் ரிவியைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தவர்கள் இருந்தார்கள். இல்லை, அப்படிப் பார்த்ததாக நான் நினைத்துக்கொண்டேன். அந்த நாட்களில் எனக்கு அந்த இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாது.

ஆகஸ்ட் 2, வியாழக்கிழமை. கடையைப் பூட்டும் நேரம் தாண்டிவிட்டது. ஷட்டரைப் பாதிக்கு இறக்கிவிட்டு, விற்காத பேப்பர்களைத் திருப்பி அனுப்பக் கட்டுக் கட்டிக்கொண்டு கவுன்டருக்குப் பின்னால் பால் பெட்டி ஒன்றைக் கவிழ்த்து அதில் இருந்தேன். பன்னிரண்டு மணி கழிந்து சற்று நேரம். முதலில் சத்தம் கேட்கவில்லை. காற்றுத்தான் வந்தது. நெஞ்சில் ஆரோ கையை வைத்துத் தள்ளினதுபோல. சத்தம் வந்ததா, அதற்கு முன்னமே காது அடைத்துவிட்டதா என்று இன்றைக்கும் சொல்லத் தெரியாது.

உடம்புக்குத் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் பொம்பர் குத்தும்போது பழகினதைத்தான் அது செய்தது. குப்புற விழு, வாயைத் திற, காதைப் பொத்து, அடுத்த குத்து வரும்வரை எழும்பாதே. இரண்டாவது குண்டு வரவில்லை. ஆனால் நான் எழும்பாமல் கிடந்த அந்த இரண்டு மூன்று நிமிடத்தில் மேல்மாடிகளின் கண்ணாடி எல்லாம் தெருவில் விழுந்து முடிந்தது. ஷட்டரைத் தூக்கிக்கொண்டு என்னவென்று பார்க்க ஓடியிருந்தால் அதற்குக் கீழேதான் நின்றிருப்பேன். ஆகவே முதலாவது விசயம் இது: வெடிச் சத்தம் கேட்டால் யன்னலண்டை போகாதீர்கள், தெருவுக்கும் ஓடாதீர்கள். வெடித்ததுக்குப் பிறகும் கண்ணாடி விழுந்துகொண்டிருக்கும், இரண்டாவது ஒன்று வைத்திருக்கவும் கூடும். பொலிஸ் வந்து போகச் சொன்னால் சொன்ன பக்கம் போங்கள்.

ஊரில் படித்த பாடம் உதவினது அவ்வளவுக்குத்தான். அதற்குப் பிறகு அதே பாடம்தான் என்னைக் கெடுத்தது.

வெளியில் வந்தால் ஒரே அலாரச் சத்தம். அதுவும் வலது காதில் மட்டும். இடது காதுக்குள் பஞ்சு அடைத்ததுபோல இருந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நிலத்தடிக் குழாய் உடைந்து ஷொப்பிங் சென்டருக்குள் வெள்ளம் போனதென்று பிறகுதான் தெரியும். ஓர் இளம் பொலிஸ்காரர் என்னை மறித்து, காயமா, பேர் என்ன, எங்கே நின்றாய் என்று கேட்டார். கையில் சின்னக் கொப்பி. அந்தக் கொப்பியைக் கண்டதும் எனக்குக் கொழும்பு வெள்ளவத்தையில் சந்தி மறித்து நிற்பாட்டி வைத்திருந்த ஞாபகம் வந்துவிட்டது. குண்டு வெடித்த இடத்தில் ஒரு தமிழன், விசா இன்னும் முடிவாகாதவன், பேர் எழுதப்படுகிறது! "ஐ ஆம் ஓகே, ஐ ஆம் ஓகே" என்று சொல்லிக்கொண்டே நடந்தேன். அவருக்கும் பார்க்க வேறு ஆட்கள் இருந்தார்கள். விட்டுவிட்டார். கடை பூட்டவில்லை. கல்லாவில் காசு, கணக்குக் கொப்பி, காரின் திறப்பு எல்லாம் உள்ளே. ஹான்வெல் வரைக்கும் உக்ஸ்பிரிட்ஜ் வீதியால் நடந்து வீடு போனேன்.

மனிசி கதவைத் திறந்து, என் தலையில் கிடந்த கண்ணாடித் தூளைத் தட்டிக்கொண்டே கேட்ட முதல் கேள்வி: "பேரைக் குடுத்தனீங்களோ?"

"இல்லை."

"அம்மாளாச்சி காப்பாத்திப்போட்டா."

இரண்டு பேரும் அதை உண்மையாகவே அதிர்ஷ்டம் என்று நம்பினோம். ஆகஸ்டில்தான் எங்கள் கனகதுர்க்கை அம்மன் கோயில் திருவிழா. நேர்த்திக்கடனும் வைத்தாள்.

அடுத்த நாள் பேப்பர்க்காரனான நான் என் பழைய பெற்றோல் செட்டில் நின்று ஓசியில் பேப்பர் வாசித்தேன். காயப்பட்டவர்கள் ஏழு பேர். அந்த ஏழில் நான் இல்லை, இருக்கவும் மாட்டேன். குண்டு இருந்தது ஒரு சாம்பல் நிற சாப் காரில். வீட்டில் செய்த வெடிமருந்து, ஏறக்குறைய 40 கிலோ. முன்கூட்டி ரெலிபோனில் எச்சரிக்கை சொல்லியிருக்கிறார்கள். ஆனால் இடத்தைச் சரியாகச் சொல்லவில்லை. வைத்தது ரியல் ஐஆர்ஏ.

ஐஆர்ஏ என்பது வட அயர்லாந்தில் பிரித்தானிய ஆட்சிக்கு எதிராக ஆயுதம் தூக்கின ஐரிஷ் குடியரசுப் படை. அதுவரைக்கும் ஐஆர்ஏ என்றால் ஒன்றுதான் என்று நினைத்திருந்தேன். 1997 ஜூலையில் பெரிய ஐஆர்ஏ திரும்பவும் போர்நிறுத்தத்துக்கு வந்தபோது, அது காட்டிக்கொடுப்பு என்று சொல்லிப் பிரிந்துபோனவர்கள் இவர்கள். 1998 ஏப்ரல் 10 இல் பெரிய வெள்ளி உடன்படிக்கை என்ற வட அயர்லாந்துச் சமாதான ஒப்பந்தம். மே மாதம் வாக்கெடுப்பு நடந்து வட அயர்லாந்தில் 71 வீதமும் தெற்கில் 94 வீதமும் ஓம் என்றன. மூன்று மாதம் போகவில்லை, ஆகஸ்ட் 15 இல் ஓமா நகரத்தில் இவர்கள் வைத்த கார்க் குண்டில் 29 பேர் செத்தார்கள். அதில் ஒரு பெண்ணின் வயிற்றில் இரட்டைப் பிள்ளைகள். அங்கேயும் எச்சரிக்கை சொன்னார்கள். நீதிமன்றம் என்று சொன்னதால் பொலிஸ் சனத்தை அங்கிருந்து விலத்தி, குண்டுக் கார் நின்ற மார்க்கெட் தெருப் பக்கம் அனுப்பியது. அதை வாசித்த பிறகு 'எச்சரிக்கை கொடுத்துத்தானே வைக்கிறார்கள்' என்று ஆராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். ஈலிங் குண்டுக்கு இரண்டு நாளைக்கு முன்னம்தான், ஆகஸ்ட் 1 இல், சமாதானத்தைத் தூக்கி நிறுத்த லண்டனும் டப்ளினும் சேர்ந்து ஒரு யோசனைத் தொகுப்பை வெளியிட்டிருந்தன. பெரிய ஐஆர்ஏ ஆயுதத்தைச் செயலிழக்க வைக்குமா என்பதுதான் அந்த நேரக் கேள்வி. ஒக்டோபரில் செய்யத் தொடங்கியது. நடுவில் ஒரு கார். சமாதானம் வந்துவிடும்போல இருக்கிற நேரம்தான் குழப்புகிறவர்களுக்கு அவசரமான நேரம். இது எங்கள் ஊர்க்காரருக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை.

சரி, கடைக்கு வருகிறேன். ஐந்து நாள் நாடாவுக்கு அங்கால் போக விடவில்லை. நான் ஒவ்வொரு நாளும் போய்த் தூர நின்று பார்த்துவிட்டு வந்தேன். பக்கத்துப் பூக்கடைக்காரி வாசலில் நின்ற பொலிசிடம் தன் பேர், கடை விலாசம், போன் நம்பர் கொடுத்துச் சம்பவ இலக்கம் ஒன்று வாங்கினா. அந்த இலக்கத்தைச் சொல்லி அன்றைக்கே காப்புறுதிக் கம்பனிக்கு அறிவித்தா. மூன்றாம் நாள் பொலிஸ் அவவை ஒராள் துணையோடு பத்து நிமிடம் உள்ளே விட்டது. காசையும் கணக்குக் கொப்பியையும் எடுத்துக்கொண்டு, பழுதாகிற பூவைப் படமும் எடுத்துக்கொண்டு வந்தா. நான் பட்டியலில் இல்லாதவன். எனக்காக ஆரும் நாடாவைத் தூக்கவில்லை. கரண்டும் நிற்பாட்டியிருந்தது. என் ஐஸ்கிரீம் பெட்டியில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆறாம் நாள் உள்ளே போனேன். கூரைப் பலகைகள் விழுந்து, முன்கண்ணாடி முழுக்க இனிப்புத் தட்டுக்குள் கிடந்தது. பாலும் ஐஸ்கிரீமும் நாறிக் கிடந்தன. நான் என்ன செய்தேன் தெரியுமா? நல்ல குடும்பத்துப் பிள்ளை செய்வதைச் செய்தேன். மனிசியையும் மச்சானையும் கூட்டிவந்து ஒரே நாளில் எல்லாத்தையும் அள்ளிக் கறுப்புப் பையில் போட்டு எறிந்துவிட்டு, தரையை டெட்டோல் போட்டுக் கழுவினேன். ஒரு படம் எடுக்கவில்லை. ஒரு பட்டியல் எழுதவில்லை. மச்சானின் கமரா வீட்டில் கிடந்தது, சாமத்தியவீட்டுப் படத்துக்கு மட்டும் வெளியில் வருகிற கமரா.

பதினொரு நாள் கழித்துக் காப்புறுதிக் கம்பனி அனுப்பின ஆள் வந்தார். நல்ல மனுசன், தேத்தண்ணி குடித்தார், என் பிள்ளைகளை விசாரித்தார். அவர் எனக்காக வந்தவர் என்றுதான் நினைத்தேன். இழப்பை மதிப்பிட வருகிறவர் கம்பனி சம்பளம் கொடுத்து அனுப்பும் ஆள். அவர் கெட்டவராக இருக்கவேண்டியதில்லை, ஆனால் உங்கள் ஆள் இல்லை. உங்கள் பக்கம் நின்று கதைக்கவும் மதிப்பீட்டாளர் இருக்கிறார்கள், கிடைக்கிற தொகையில் ஒரு வீதம் எடுப்பார்கள். பெரிய இழப்பென்றால் அந்த வீதம் கொடுக்கப் பெறுமதியானது. எனக்கு அப்படி ஓர் ஆள் உலகத்தில் இருப்பதே தெரியாது.

எறிந்த சாமான் எவ்வளவு என்று கேட்டார். ஏழாயிரம் என்றேன். சிட்டை கேட்டார். சரக்கு எடுக்கிற கேஷ் அன்ட் கரி மொத்தக் கடையின் சிட்டைகள் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் இருந்தன. அந்தப் பளபளப்புக் கடதாசியில் பாதி மை வெளுத்துப்போய் வெறும் வெள்ளையாக இருந்தது. இருந்ததை வைத்து ஐயாயிரம் ஒத்துக்கொண்டார். பிறகு கடையைச் சுற்றிப் பார்த்து, சிகரெட் அலுமாரி, பின் அறை எல்லாம் எண்ணி, குண்டுக்கு முன்னம் இந்தக் கடையில் இருபதாயிரத்துக்குச் சாமான் இருந்திருக்கும் என்று என் வாயாலேயே சொல்ல வைத்தார். நானும் பெருமையாகத் தலையை ஆட்டினேன். என் காப்புறுதிப் பத்திரத்தில் சரக்கு பன்னிரண்டாயிரம் என்றுதான் எழுதியிருந்தது. வருடக் கட்டணம் குறையட்டும் என்று நான்தான் குறைத்துப் போட்டேன். இருபதுக்குப் பன்னிரண்டு என்றால் நூற்றுக்கு அறுபது. சரக்கைக் குறைத்துக் காட்டினால் இழப்பையும் அதே விகிதத்தில் வெட்டுவார்கள் என்று பத்திரத்தின் சின்ன எழுத்தில் இருக்கிறது. அநேகமாக உங்களுடையதிலும் இருக்கும், இன்றிரவே எடுத்துப் பாருங்கள். ஐயாயிரம் மூவாயிரம் ஆனது. முதல் 250 பவுண் என் பொறுப்பு. கடைசியில் 2,750 பவுண், அதுவும் 2002 பெப்ரவரியில்தான் கைக்கு வந்தது.

கண்ணாடிக்கும் பலகை அடித்ததுக்கும் 1,400. குத்தகை எழுத்தின்படி முன்கண்ணாடி என் தலையில், கண்ணாடிக்கான பிரிவை நான் எடுக்கவில்லை. கூரைக்கும் ஐஸ் பெட்டிக்கும் 900. பதினாறு நாள் பூட்டிக் கிடந்ததில் கையில் வராத காசு ஏறத்தாழ 2,000. வியாபாரம் நின்றுபோனால் ஈடு கொடுக்கும் பிரிவு என்று ஒன்று உண்டு, பொலிஸ் பாதையை மறித்து உங்கள் கடைக்கு ஒரு கீறல்கூட விழாவிட்டாலும் கொடுக்கும் உபபிரிவும் உண்டு. இரண்டையும் 'தேவையில்லை' என்று பேனையால் வெட்டிக் கையெழுத்து வைத்த ஆள் நான். எறிந்த சாமானோடு மொத்தம் 11,300 போய், 2,750 வந்தது. மிச்சத்துக்கு இரண்டு சீட்டுக் கட்டி முடித்தேன்.

பயங்கரவாதம் என்ற சொல்லையும் உங்கள் பத்திரத்தில் தேடுங்கள். 1992 ஏப்ரலில் லண்டன் பால்டிக் எக்ஸ்சேஞ்ச் கட்டடத்தைப் பெரிய ஐஆர்ஏ தகர்த்தபோது, இனி எங்களால் ஏலாது என்று காப்புறுதிக் கம்பனிகள் கையை விரித்தன. அதற்காகத்தான் 1993 இல் அரசாங்கம் பின்னால் நிற்க, பூல் ரீ என்ற பொதுநிதி வந்தது. என் கம்பனி அந்த முறை வெடிப்புச் சேதம் என்று தகராறில்லாமல் ஏற்றுக்கொண்டது. அடுத்த முறை புதுப்பிக்கும்போது, செப்டெம்பர் 11 உம் நடந்து முடிந்திருந்தது, அந்தச் சேதத்துக்குத் தனியாகக் காசு கட்டவேண்டும் என்று ஒரு தாள் வந்தது. வாசிக்காமல் கோவையில் செருகுகிறவர்களுக்கு அது வந்ததே தெரிந்திருக்காது.

காதுக் கதை இதைவிட மோசம். இடது காதுக்குள் ஒரு சில்வண்டு. பகலில் தெரியாது, படுத்தால் கத்தும். மாமி உள்ளியைப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி இளஞ்சூட்டில் விட்டா. மூன்று கிழமை விட்டா. செவிப்பறையில் ஓட்டை இருக்கும்போது காதுக்குள் எண்ணெய் விடக்கூடாது என்பதை ஆறு மாதம் கழித்துக் காது வைத்தியர் சொன்னபோது எனக்கு மாமியின் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

அந்த வைத்தியரிடம் என்னை அனுப்பினது மாமியோ மனிசியோ இல்லை. என் கடைக்கு நாளாந்தம் காலையில் வருகிற ஓர் ஐரிஷ் கிழவர். மாயோப் பக்கம் ஊர், கட்டட வேலைக்கு லண்டன் வந்து நாற்பது வருடம். குண்டுக்கு முன்னம் குதிரைப் பந்தயம், மழை, என்னுடைய பேப்பர் விலை எல்லாவற்றையும் பற்றிக் கத்திக் கதைக்கிற மனுசன், கடை திரும்பத் திறந்த பிறகு பேப்பரை எடுப்பார், சில்லறையை வைப்பார், தலையை ஆட்டிவிட்டுப் போவார். ஒரு சொல் இல்லை. மற்ற ஆட்கள் நின்றால் வெளியில் காத்து நின்று பிறகு வருவார். எனக்கு முதலில் விளங்கவில்லை. விளங்கினபோது சிரிப்பும் வந்தது, ஒரு மாதிரியாகவும் இருந்தது. அந்த மனுசன் தன் உச்சரிப்பை ஒளித்துக்கொண்டு திரிந்தார், நான் என் பேரை ஒளித்ததுபோல.

பெப்ரவரியில் ஒரு நாள், கடையில் ஆருமில்லாத நேரம், என்னைப் பார்த்து, "நீ ஏன் எப்பவும் தலையைத் திருப்பிக் கேட்கிறாய்?" என்றார். சொன்னேன். பொலிசுக்குப் பேர் கொடுக்காத கதையையும் சொன்னேன். மனிசியைத் தவிர நான் அதைச் சொன்ன முதல் ஆள் அவர். அவர் 1974 நவம்பரைப் பற்றிச் சொன்னார். பேர்மிங்காம் பப் குண்டில் 21 பேர் செத்த கிழமை, அவசர அவசரமாகப் பயங்கரவாதத் தடுப்புச் சட்டம் வந்தது. பேருந்தில் டிக்கெட் கேட்கக்கூட வாயைத் திறக்காமல் காசை மட்டும் நீட்டினாராம். பிறகு ஏதோ ஆராய்ச்சி முடிந்தவர்போல, "டாக்டரிடம் போ, இன்றைக்கே போ" என்றார்.

போனேன். ஆறு மாதம் பிந்திவிட்டது. ஓட்டை ஆறியிருந்தது, கேட்கும் சக்தியில் ஒரு பங்கு போய்விட்டது, சில்வண்டு தங்கிவிட்டது. வைத்தியக் கோவையில் 'ஆறு மாதத்துக்கு முன் என்று நோயாளி கூறுகிறார்' என்றுதான் எழுதியிருக்கிறது. குற்றச்செயலில் காயப்பட்டவர்களுக்கு அரசாங்கம் இழப்பீடு கொடுக்கும் திட்டம் இருக்கிறது, குண்டும் அதற்குள் அடங்கும். கடைச் சேதத்துக்குக் கிடைக்காது, உடம்புக்கு மட்டும்தான். தாமதிக்காமல் பொலிசுக்குச் சொல்லியிருக்க வேண்டும், வைத்தியச் சாட்சி வேண்டும், இரண்டு வருடத்துக்குள் விண்ணப்பிக்க வேண்டும். குண்டு வெடித்த இரவே அந்தப் பொலிஸ்காரரிடம் பேரைக் கொடுத்துவிட்டு, ஈலிங் ஆஸ்பத்திரிக்குப் போய், "காது அடைக்குது" என்று ஒரு வசனம் சொல்லியிருந்தால் இந்த மூன்றில் இரண்டு அன்றைக்கே முடிந்திருக்கும். இரத்தம் வராவிட்டாலும் போங்கள். நித்திரை வராவிட்டால் அதையும் சொல்லுங்கள், பிள்ளை கதவைச் சாத்தினால் திடுக்கிட்டு எழும்புகிறதையும் சொல்லுங்கள். நான் சொல்லவில்லை. ஊரில் எவ்வளவைக் கண்டனாங்கள், இதென்ன பெரிசு என்று இருந்தேன்.

நிரந்தர விசா 2002 இல் வந்தது. ஈலிங் குண்டைப் பற்றி அங்கே ஆரும் ஒரு கேள்வியும் கேட்கவில்லை. 2003 ஏப்ரலில் லண்டன் ஓல்ட் பெய்லி நீதிமன்றத்தில் குண்டு வழக்கு முடிந்தது. 2001 மார்ச் மாதம் பிபிசி தொலைக்காட்சி நிலையத்துக்கு வெளியே வெடித்ததும், பேர்மிங்காமில் அதே வருடம் நவம்பரில் சரியாக வெடிக்காமல் போனதும் இதே கூட்டத்தின் வேலை. ஐந்து பேருக்கு 16 முதல் 22 வருடம் வரை. அந்தச் செய்தியோடுதான் இழப்பீட்டுத் திட்டத்தைப் பற்றி வாசித்தேன். இரண்டு வருடம் முடிய இன்னும் நாலு மாதம் இருந்தது. படிவம் எடுத்து வைத்தேன். எப்போது பொலிசுக்குச் சொன்னாய் என்ற இடத்தில் பேனை நின்றுவிட்டது. ஓகஸ்ட் 3 கடந்துபோனது. அடுத்த சில நாளில் டப்ளினில் ரியல் ஐஆர்ஏயின் தலைவர் மைக்கல் மக்கெவிற்றுக்கு 20 வருடம் தீர்த்தார்கள். நான் படிவத்தைப் பேப்பர்க் கட்டோடு சேர்த்துக் கட்டினேன்.

கிழவர் 2008 வரை வந்தார். கத்திக் கதைக்கத் தொடங்கியிருந்தார், பழையபடி மழையும் குதிரையும். அவருக்கும் வயது போய் வலது காது மந்தம். நான் இடது பக்கத்தைக் கொடுக்கமாட்டேன், அவர் வலது பக்கத்தைக் கொடுக்கமாட்டார். கடைசியில் கவுன்டரின் மூலையில், ரெலிபோன் காட் தொங்கும் இடத்தில், இரண்டு நல்ல காதும் சந்திக்கிற ஒரு சதுர அடியைக் கண்டுபிடித்தோம். அந்த இடத்தில் நான் வேறு சாமான் வைப்பதில்லை.